38,500 ரூபாய்க்கு வந்த ‘ஒமேகா’: பழைய வாட்ச் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

38,500 ரூபாய். அது போனது போகட்டும் என்று சும்மா இருந்தாலும் இருந்திருப்பேன். இன்று மதியம் வாட்ச் வாங்கின ஆப் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ். “உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?” இதைப் பார்த்த பிறகு சோறு இறங்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடவில்லை. வழக்குக்குப் போகப் போகிறேன், இப்போது வாய் விட்டுச் சிக்கலாக்க வேண்டாம். பழைய பொருள், அபூர்வப் பொருள் என்று நாணயம், கிராமபோன், வாட்ச் எல்லாம் விற்கிற ஆப் அது. விளம்பரத்துக்குப் பக்கத்தில் பச்சை டிக் போட்டு ‘எங்கள் நிபுணர் பார்த்தது’ என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பச்சை டிக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

எனக்கு வாட்ச் கிறுக்கு உண்டு. வீட்டில் ஹெச்.எம்.டி. ஜனதா, அது இது என்று கொஞ்சம் கிடக்கிறது. எல்லாம் சாவி கொடுத்து ஓடுகிறவை. ரொம்ப நாளாக ஆசைப்பட்டது 1960-களின் ஒமேகா ஒன்று. ஆடம்பரமே இல்லாத மெல்லிய வாட்ச், சட்டைக் கைக்குள் இருப்பதே தெரியாது. 20 மைக்ரான் தங்க முலாம் போட்ட கேஸ் (வெளிக்கூடு), பின்மூடி ஸ்டீல், உள்ளே 601 என்கிற 17 ஜுவல் (உரசித் தேயாமல் இருக்க வைக்கிற பொடிக் கற்கள்) மெஷின். ஒமேகா அந்தக் காலத்தில் மெஷினுக்குச் செம்பு நிறத்தில் பூச்சுக் கொடுக்கும். மூடியைத் திறந்தால் பழைய குத்துவிளக்கு மாதிரி மின்னும். அதைப் பார்ப்பதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நான் உட்பட.

விளம்பரத்தில் அத்தனையும் இருந்தது. விலை 38,500. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. இருந்தாலும் ஆப்பிலேயே விற்கிறவனைக் கூப்பிட்டு, வீடியோவில் காட்டச் சொன்னேன்.

அவன் வாயைத் திறந்ததுமே நம்ம குமரி மாவட்டத்து ஊர்ப் பேச்சு. “அண்ணே, நான் மார்த்தாண்டத்துக்காரன்தான். அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. ஊர்க்காரனுக்குக் கெட்ட பொருளக் கொடுத்துட்டு நான் எங்க போய் இருக்க?” என்றான். நீலக் கட்டம் போட்ட சாரத்துணி ஒன்றை விரித்து அதன் மேல் வாட்சை வைத்தான். இடது கட்டைவிரல் நகத்தில் கறுப்பாக ஒரு கீறல். மூடியை நெம்பித் திறந்து போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். செம்பு நிறம், ஒமேகா எழுத்து, 601 என்ற எண், பேலன்ஸ் வீல் துள்ளிக்கொண்டு ஆடுகிறது. “போதுமா அண்ணே? கல்யாண வீட்டுக்குக் கட்டிட்டுப் போங்க, நாலு பேரு கேப்பான்.” போதும் என்றேன். இதற்கு மேல் ஒருத்தன் என்னத்தைக் காட்டுவான், நீங்களே சொல்லுங்கள். பணத்தையும் ஆப் வழியாகத்தான் கட்டினேன். பொருள் கைக்கு வந்து 48 மணி நேரம் கழித்துத்தான் விற்கிறவனுக்குப் பணம் போகும், அதற்குள் குறை சொல்லலாம் என்று போட்டிருந்தார்கள்.

பார்சல் வந்தது டிசம்பர் 2 சாயங்காலம். அனுப்பிய இடம் மார்த்தாண்டமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. பிரித்ததை முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுத்தேன். வாட்ச் ஓடியது, பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அறுபது வயசு வாட்சுக்கு, பட்டை மாட்டுகிற காதோரத்தில்கூட ஒரு தேய்மானம் இல்லை. சந்தேகப்பட்டு, டிக்டிக் சத்தத்தைக் கேட்டு அளவு சொல்கிற போன் ஆப்பைப் பக்கத்தில் வைத்தேன். மணிக்கு 18,000 அடி, அதாவது 18,000 ‘டிக்’ என்று காட்டியது. அந்த ஒமேகா மெஷின் மணிக்கு 19,800 அடி அடிக்க வேண்டும்.

அன்று ராத்திரியே புகார் கொடுத்தேன். 48 மணி நேரத்துக்குள்தான் கொடுத்தேன், புகார் எண்ணும் இருக்கிறது. ‘தொழில்நுட்பம் தெரிந்தவரிடம் காட்டி, மூடியைத் திறந்த படம் அனுப்புங்கள்’ என்று பதில் வந்தது. மறுநாள் டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. நான் நம்பிக் கொடுக்கிற வாட்ச்காரர் கோட்டாறுக்காரர். தேர் அன்று அவர் கடை திறப்பாரா? அதற்கு மறுநாளும் வீடு நிறைய விருந்தாளி, கடை பூட்டு. இதையும் எழுதி அனுப்பினேன். ‘புரிந்துகொள்கிறோம்’ என்றார்கள்.

அவர் கடை திறந்ததும் போய் நின்றேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முதலில் பட்டையைத்தான் கழற்றினார். காதுகளுக்கு நடுவில் ‘20 மைக்ரான்’ முத்திரை. எழுத்துகள் பாதி கரைந்து வழுவழுவென்று கிடந்தன. கேஸைத் தேய்த்து பாலிஷ் போட்டு, அதற்கு மேல் புதிதாக கில்ட் (மெல்லிய தங்கப் பூச்சு) கொடுத்திருக்கிறார்கள். ஊசியால் ஓரத்தை லேசாகச் சுரண்டினார், பித்தளை வந்துவிட்டது. 20 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. முலாமில் அது கனமான முலாம், ஒரு சுரண்டலுக்கெல்லாம் போகாது. பட்டைக் கம்பி நிற்கிற ஓட்டைக்குள் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது, அதன் மேலேயே முலாம்.

அப்புறம் டயல். பன்னிரண்டுக்குக் கீழே ஒமேகா சின்னத்தைப் பெயின்டில் அச்சடித்திருந்தார்கள். விளம்பரப் படத்தில் அது தனியாக ஒட்டிய உலோகத் துண்டு. நிமிஷப் புள்ளிகள் மணிக் கோடுகளுக்கு நேராக நிற்கவில்லை. ஒமேகாவின் அசல் பிளாஸ்டிக் கண்ணாடியில் நடுமத்தியில் பொடிசாக ஒரு சின்னம் இருக்கும், சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இதில் இல்லை. கண்ணாடியை யாராவது மாற்றியிருக்கலாம் என்று அதை விட்டுவிட்டார், நியாயமான மனுஷன்.

மூடியைத் திறந்தார். செம்பும் இல்லை ஒன்றும் இல்லை. வெள்ளை மெஷின். அது கேஸுக்குச் சின்னதாக இருந்ததால், ஆடாமல் இருக்க ஒரு தகரத் துண்டை வளைத்துச் சுற்றிலும் செருகியிருந்தார்கள். பேலன்ஸ் வீலுக்குக் கீழே 96 என்ற எண், எஃப்.ஹெச்.எஃப். என்கிற சுவிஸ் மெஷின் கம்பெனி முத்திரை. விலை குறைந்த எத்தனையோ சுவிஸ் வாட்ச்களில் போட்ட மெஷின் அது, 18,000 அடிதான். மெஷினைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மெஷின்தான். ஆனால் அதற்கு 38,500 ரூபாயா? “மக்கா, பேருதான் ஒமேகா. உள்ள குடியிருக்கவன் வேற ஆளு” என்றார். முழுசாக என்ன தேறும் என்று கேட்டேன். சொல்லத் தயங்கி, ரெண்டாயிரம் என்றார்.

அங்கிருந்தே விற்றவனைக் கூப்பிட்டேன். முதலில் “பழசுன்னா அப்படித்தான் அண்ணே” என்றான். அடிக் கணக்கைச் சொன்னதும் “ஆயில் காஞ்சிருக்கும்” என்றான். ஆயில் காய்ந்து 19,800 அடி மெஷின் 18,000-க்கு இறங்கினால் நாளொன்றுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கும். என் கையில் இருந்தது ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை. இதைச் சொன்னேன். அடுத்த நொடி அவன் ஊர்ப் பேச்சு எல்லாம் போய்விட்டது. “நீங்க மெஷினை மாத்திட்டு என்கிட்ட பணம் கேக்குறீங்களா? போலீஸ்ல சொல்வேன்” என்றான். பிறகு பிளாக்.

ஆப்காரர்கள் கதை இதைவிடக் கேவலம். படங்களை அனுப்பினேன். 48 மணி நேரம் முடிந்துவிட்டது, பணம் விற்பனையாளருக்குப் போய்விட்டது என்றார்கள். புகார் அதற்கு முன்பே கொடுத்ததுதானே என்றால், ‘ஆதாரம் பின்னால்தான் வந்தது’. ஆதாரத்துக்கு அவகாசம் கேட்டபோது ‘புரிந்துகொள்கிறோம்’ என்றது யார்? பிரித்த வீடியோ இருக்கிறதே என்றால், அதில் பின்மூடி திறக்கப்படவில்லையாம். வீட்டில் எவன் மூடி திறக்கிற சாவி வைத்திருக்கிறான்? கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து கடிதம் வேண்டுமாம், கோட்டாறு வாட்ச்காரர் எழுதிக் கொடுத்தது செல்லாதாம். ஒவ்வொரு தடவையும் புது ஆள், புதுப் பெயர், “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” மட்டும் பழசு.

பச்சை டிக் என்ன ஆச்சு என்று கேட்டேன். அவர்கள் நிபுணர் பார்த்தது விற்கிறவன் ஏற்றிய படங்களை மட்டும்தானாம். பொருளை அல்ல. நிபந்தனைகளில் எங்கோ அடியில் இருக்கிறதாம். படத்தைப் பார்க்க நிபுணர் எதற்கு, எனக்குக் கண் இல்லையா? கடைசியில் நல்லெண்ண அடிப்படையில் 500 ரூபாய் கூப்பன் தந்தார்கள். அதுவும் அவர்கள் ஆப்பிலேயே அடுத்ததை வாங்கினால்தான் செல்லும். 38,500-க்கு 500 கூப்பன். அதோடு ‘தீர்க்கப்பட்டது’, நட்சத்திரம் போடு.

இது ஒமேகாவோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஹெச்.எம்.டி. வாட்ச் தொழிலை மூட 2016-ல் முடிவானதும் அந்த வாட்ச்களுக்கு மவுசு ஏறியது. அதிலிருந்து பழைய டயலைச் சுரண்டி, கிளிப்பச்சை, ஆரஞ்சு என்று பெயின்ட் அடித்து ‘அபூர்வ நிறம்’ என்று விற்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஆயிரம் ரெண்டாயிரத்தோடு போனால் யாரும் புகார் கொடுப்பதில்லை, அதுதான் அவர்களுக்குத் தைரியம்.

நிறைய எழுத நினைத்தேன், வக்கீலைப் பார்க்க நேரமாகிவிட்டது. அவசரமாகச் சிலது. வீடியோவில் மூடியைத் திறந்து காட்டினால் போதாது, முன்பக்கத்தில் தொடங்கி வெட்டில்லாமல் மூடியைத் திறந்து மெஷின்வரை ஒரே ஓட்டமாகக் காட்டச் சொல்லுங்கள். எனக்குக் காட்டியது வேறு வாட்ச். தங்கம் பளபளவென்று இருந்தாலே சந்தேகப்படுங்கள், தேய்ந்த பழைய முலாம் எவ்வளவோ மேல். ‘தங்கம் விக்கிற விலைக்கு’ என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள், முலாம் கேஸில் அரை கிராம் தங்கம்கூடத் தேறாது. திருவிழா, விடுமுறை இல்லாத நாளாகப் பார்த்து பார்சல் வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் 1915, நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் வக்கீல் என்பதால் கேட்டுக்கொண்டு போடுகிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே ஒமேகா, அதே படங்கள், வேறு பெயரில் விற்பனைக்கு நிற்கிறது, பச்சை டிக்கோடு. விலை இப்போது 41,000. நீலக் கட்டம் போட்ட சாரத்துணி, கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கீறல், இந்த ரெண்டும் படத்தில் தெரிந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இருந்தால் பில்லோடு இன்பாக்ஸுக்கு வாருங்கள், வக்கீலிடம் சேர்த்தே பேசிவிடலாம்.