பாஹ்வின் முதல் செல்லோ பிரெலூட்: எந்தப் பதிவைக் கேட்பது?

ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் தனிச் செல்லோவுக்கு (வில்லால் வாசிக்கும், வயலினைவிடப் பெரிய நான்கு தந்தி வாத்தியம்) எழுதிய ஆறு இசைத் தொகுதிகளைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "யாருடைய பதிவு?" என்றுதான். முழுத் தொகுதிகளையும் பதிவு செய்தவர்கள் ஏராளம். நான் இங்கே நான்கு பேரை மட்டும், அதுவும் முதல் தொகுதியின் தொடக்க உருப்படியான பிரெலூடை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

இசைச் செயலிகள் இதற்கு மூன்று அடையாளங்கள் தருகின்றன: வேகம், ஜி மேஜர் (ஜி சுரத்தை ஷட்ஜமாகக் கொண்ட சுர வரிசை), 'அமைதி' என்ற மனநிலை. மூன்றையும் நம்பி ஒரு பதிவைத் தேர்ந்தெடுக்க முடியாது. வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரெலூட் 42 ஆவர்த்தனம். ஒவ்வொன்றிலும் நான்கு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு சுரம். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்றால் 2 நிமிடம் 48 விநாடியில் முடியும். 80 என்றால் 2 நிமிடம் 6 விநாடி. சுரங்கள் இடைவிடாமல் ஓடுவதால் கணினி இதை இருமடங்கு வேகமாகவும் எண்ணிவிடும். பாஹ்வும் உதவவில்லை. 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில், கோத்தன் நகரில் இருந்தபோது அவர் இதை எழுதியதாகக் கருதப்படுகிறது. அவர் கைப்பட எழுதிய பிரதி தொலைந்துவிட்டது. மனைவி அன்னா மக்டலேனா எடுத்த நகல் இருக்கிறது. அதில் இந்தப் பிரெலூடுக்கு வேகக் குறிப்பு எதுவும் இல்லை. எத்தனை சுரத்தை வில்லின் ஒரே வீச்சில் வாசிக்க வேண்டும் என்பதும் தெளிவாக இல்லை. ஆகவே வாசிப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஸ்பெயின் நாட்டுச் செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் எடுத்த முடிவு துணிச்சலானது. 13 வயதில் பார்சலோனாவில் ஒரு கடையில் இந்த இசைப் பிரதியைக் கண்டெடுத்தவர் அவர். ஆறையும் 1936 முதல் 1939 வரை பதிவு செய்தார். முதல் தொகுதி 1938இல் பாரிஸில் பதிவானது. பழைய இசைத்தட்டின் இரைச்சல் பின்னால் இருந்துகொண்டே இருக்கும். அதையும் மீறிக் கேட்பது ஒரு மனிதன் அழுத்தித் திருத்திப் பேசும் குரல். காலப்பிரமாணம் நேராக நிற்பதில்லை. உச்சத்தை நெருங்கும்போது தாமதிக்கிறார், பிறகு விட்டதைப் பிடிக்கிறார். அவருடைய நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் துயரத்தை இந்த இசைக்குள் ஏற்றிக் கேட்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 'அமைதி' என்ற சொல் இந்தப் பதிவுக்குப் பொருந்தவே பொருந்தாது.

டச்சுக் கலைஞர் ஆனர் பில்ஸ்மாவின் 1979 பதிவு வேறோர் உலகம். பாஹ் காலத்துப் பாணியிலான பரோக் செல்லோ, குடல் நரம்புத் தந்திகள், அக்கால வில். வேகத்தைவிட முக்கியமானது, அவர் சுரங்களைச் சேர்த்தும் பிரித்தும் உச்சரிக்கும் விதம். இரண்டு மூன்று சுரங்களாகச் சிறு சொற்கள், நடுவே சின்ன மூச்சு. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது போல் இருக்கிறது. சுருதியும் மாறுகிறது. இன்று ஏ சுரத்தைப் பொதுவாக விநாடிக்கு 440 அதிர்வில் வைக்கிறார்கள். இவர் பழைய முறைப்படி 415. எழுத்தில் ஜி மேஜர்தான். நம் கணக்கில் ஐந்து கட்டைச் சங்கராபரணம் நாலரைக் கட்டையில் ஒலிக்கிறது.

அரைக் கட்டைதானே என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பாட்டின் முதல் இரண்டு சுரங்களும் விரல் படாத திறந்த தந்திகளில் பிறப்பவை. முதல் நான்கு ஆவர்த்தனங்களும் அதே தாழ்ந்த ஜி சுரத்திலிருந்துதான் கிளம்புகின்றன; தம்புராவின் ஷட்ஜம் போல அது அடியில் நின்றுகொண்டே இருக்கிறது. அந்தத் தந்தியைச் சற்றுத் தளர்த்தும்போது பெட்டி முழுவதன் அதிர்வும் மாறி, ஒலி மென்மையாகிறது. இன்னொரு டச்சுக் கலைஞர் பீட்டர் விஸ்பெல்வேயின் 2012 பதிவில் சுருதி 392. அதாவது நான்கு கட்டை. தந்தியின் உரசல்கூடக் காதில் விழும். எனக்குப் பிடித்த பதிவுதான், ஆனால் புதிதாகக் கேட்பவரை அங்கே அனுப்ப மாட்டேன்.

ரஷ்யச் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச் முழுத் தொகுப்பையும் இசைத்தட்டுக்கென்றே பதிவு செய்ய 60 வயதைத் தாண்டும்வரை காத்திருந்தார். 1991இல் பிரான்சின் வெஸ்லே ஊரில் உள்ள ரோமனெஸ்க் எனப்படும் இடைக்காலக் கட்டடப் பாணிப் பேராலயத்தில் பதிவு செய்தார். நின்று பேசாமல் விரைவாக ஓடுகிற வாசிப்பு. ஆனாலும் பரபரப்பு இல்லை. கல் மண்டபத்தின் எதிரொலி ஒவ்வொரு சுரத்தையும் அடுத்ததோடு இணைத்துவிடுகிறது. முதல் தொகுதியின் இயல்பை 'லேசானது' என்று அவர் சொன்னார். கையில் லேசாகத்தான் இருக்கிறது. சூழ்ந்த ஒலிதான் அதைப் பெரிதாக்குகிறது.

நால்வரையும் ஒப்பிட ஓர் இடம் போதும். பாதி வழியில், 22ஆம் ஆவர்த்தனத்தில், டி சுரத்தில் இசை நின்று மூச்சு விடுகிறது. அந்த நிறுத்தம் எவ்வளவு நீள்கிறது, அதன்பின் எப்படி மீண்டும் எழுகிறது என்று கேளுங்கள். கடைசிப் பகுதியில் ஒரு தந்தி அசையாமல் நிற்க, பக்கத்தில் சுரங்கள் அரை அரைச் சுரமாக ஏறுகின்றன. அந்த ஏற்றம் காசல்ஸிடம் போராட்டம். பில்ஸ்மாவிடம் பேச்சு சூடு பிடிக்கிற தருணம்.

புதியவருக்கு நான் தருவது பில்ஸ்மாவின் 1979 பதிவைத்தான். காசல்ஸை மறுநாள் கேட்கட்டும். ஒன்றை முடித்த கையோடு அடுத்ததை வைத்தால், அந்த அரைக் கட்டை ஏற்றம் முதல் சுரத்திலேயே காதை இடறி, காசல்ஸ் ஏதோ அவசரப்படுவது போலத் தோன்றிவிடும்.