பூட்டானில் பட்டாம்பூச்சிச் சுற்றுலா: அட்டைப்படம் கிழக்கே, பயணம் மேற்கே

பட்டாம்பூச்சி பார்ப்பவர்களுக்கென்றே தனியாக வகுத்தது என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்பது இரவுப் பூட்டான் பயணத்தில், மே மாதத் தொடக்கத்தில் நாங்கள் நான்கு பேர் சென்று வந்தோம். ஏற்பாடு செய்த நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதே போன்ற பயணத்தை யாரிடம் வாங்கினாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்பதே இங்கே முக்கியம்.

காகித வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நுழைவு அனுமதி, கொல்கத்தாவிலிருந்து பாரோவுக்கு விமானச்சீட்டு, இந்தியர்கள் ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் வீதம் கட்ட வேண்டிய நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் ஆகிய அனைத்தும் கேட்பதற்கு முன்பே முடிந்திருந்தன. அறைகள் சுத்தமாக இருந்தன. வெந்நீர் தவறாமல் வந்தது. மிளகாயையே காய்கறியாகப் போட்டுப் பாலாடைக்கட்டியுடன் சமைக்கும் எமா தட்ஷி, காரத்துக்குப் பழகிய நம் நாக்கையும் ஒரு கணம் யோசிக்க வைக்கும்.

குறை அட்டைப்படத்திலேயே தொடங்குகிறது. விளம்பர ஏட்டின் முகப்பில் பூட்டானின் தேசியப் பட்டாம்பூச்சியான லட்லோவின் பூட்டான் அழகி சிறகு விரித்திருந்தது. பிரித்தானிய இயற்கையாளர்களான பிராங்க் லட்லோவும் ஜார்ஜ் ஷெரிப்பும் 1933-34இல் சேகரித்த பிறகு, ஏறத்தாழ 75 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமலிருந்து 2009இல் மீண்டும் கண்டறியப்பட்ட இனம் இது. இதன் புழுக்கள் நம் ஊர் ஆடுதின்னாப்பாளையின் உறவுக்கொடி ஒன்றைத் தின்று வளர்பவை. ஆனால் அது பறப்பது ஆகஸ்டு, செப்டம்பரில். வாழ்வது நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள டிராஷியாங்சே பள்ளத்தாக்கில். எங்கள் பயணமோ மே மாதத்தில், மேற்கிலுள்ள பாரோவிலிருந்து நாட்டின் தென்-நடுப் பகுதியிலுள்ள ஷெம்காங் வரை மட்டுமே. பொன்னி அரிசி மூட்டையில் பாஸ்மதிப் படம் அச்சிட்டு விற்பது போன்ற காரியம் இது. கேட்டபோது, அது "அலங்காரத்துக்காக" வைத்த படம் என்றார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. நிகழ்ச்சி நிரலில் இடங்கள் சரியாக இருந்தன. நேரங்கள் தவறாக இருந்தன. பட்டாம்பூச்சி வெயிலில் உடலைச் சூடாக்கிக்கொண்ட பிறகே பறக்கும். மலைநாட்டில் அந்த வெயில் பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து நண்பகல் சற்றுத் தாண்டும் வரைதான்; அதன் பிறகு மேகம் கவிந்துவிடும். அந்த நான்கு மணி நேரத்தையும் கோட்டைக்கும் கோயிலுக்கும் கொடுத்துவிட்டு, ஆற்றங்கரைக்கு மூன்று மணிக்கு மேல் அழைத்துச் செல்லும்படி நிரல் போட்டிருந்தார்கள். சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள டோச்சு லா கணவாயில், 108 ஸ்தூபிகளின் நடுவே பனிமூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைத்தவர்கள், அங்கிருந்து 1,250 மீட்டருக்கு, புனாகாவுக்கு, இறங்கும் சாலையில் ஒரு நிறுத்தம்கூடக் குறித்திருக்கவில்லை. குளிர்காட்டு இனங்களிலிருந்து வெப்பக்காட்டு இனங்கள் வரை ஒரே சாலையோரத்தில் அடுக்கடுக்காக மாறும் இடமே அந்த இறக்கம்தான்.

எங்களைக் காப்பாற்றியவர் உள்ளூர் வழிகாட்டி. இரண்டாம் நாள் இரவே நிரலை வாங்கிப் படித்துவிட்டு, கோட்டைகளையெல்லாம் மாலைக்குத் தள்ளினார். அதன் பலனாக, மோ சூ ஆற்றை ஒட்டிய டாஷித்தாங்கில் காலை பத்து மணிக்கு ஈரமணலில் குந்தியிருந்தோம். மாடு சிறுநீர் கழித்த ஓரிடத்தில் அழகி இனங்கள் (சுவாலோடெயில் குடும்பத்துப் பட்டாம்பூச்சிகள்) தோளோடு தோள் உரசிக்கொண்டு உப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒரு முழம் தொலைவிலிருந்து பார்த்தால், முன்னால் உறிஞ்சிய நீரைப் பின்னால் துளித்துளியாகப் பீச்சுவது தெரியும். உப்பை நிறுத்திக்கொண்டு தண்ணீரை வெளியேற்றுகின்றன. வியர்வையில் ஊறிய என் பையின் பட்டையிலும் இரண்டு வந்து உட்கார்ந்தன. வழிகாட்டி புட்டியில் கொண்டுவந்திருந்த அழுகிய வாழைப்பழத்தைக் கல்மேல் தடவி வைக்க, கால் மணி நேரத்தில் ஓக் இலைப் பட்டாம்பூச்சி ஒன்று வந்தது. சிறகை மூடினால் நடு நரம்பு, காம்பு, பூஞ்சைப் புள்ளி உட்படக் காய்ந்த சருகு. திறந்தால் நீலமும் ஆரஞ்சும். வலைக்கு இங்கே வேலையில்லை. அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம். கிட்டத்தில் குவியும் இருகண் நோக்கியும் பொறுமையும் போதும்.

ஷெம்காங் பகுதிக்கு ஒதுக்கிய இரண்டு இரவுகள் போதாது. போக வர இரண்டு பகல்கள் சாலையிலேயே கழிந்தன. திம்புவில் ஒரு நாளைக் குறைத்து இங்கே சேர்த்திருக்கலாம்.

எனவே பணம் கட்டுமுன் ஊர்ப்பட்டியலைக் கேட்காதீர்கள்; ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை எங்கே நிற்போம் என்பதை எழுத்தில் கேளுங்கள். உடன் வரும் வழிகாட்டி பூச்சி பார்ப்பவரா, மடாலயக் கதை சொல்பவரா என்பதையும் கேளுங்கள். லட்லோ அழகிதான் இலக்கு என்றால், குவாஹாட்டி வழியாகத் தென்கிழக்கு எல்லை நகரான சம்துருப் ஜோங்காரில் நுழைந்து கிழக்கிலேயே முழு விடுமுறையையும் கழிக்கும் திட்டம் வேண்டும். மழைக்காலம் என்பதால் சாலை அடைபட்டாலும் தாங்கும்படி இரண்டு நாட்கள் கூடுதலாகவும் வேண்டும்.

இவை அனைத்தையும் நிறுவனத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. வழிகாட்டியின் காலை நிரலை அப்படியே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதனுடன் இணைத்து அனுப்பிய அடுத்த ஏப்ரல் பயணத்தின் ஏட்டில், முகப்பில் அதே லட்லோ அழகி.