நிதி திரட்டுநருக்கு எந்தச் சான்று: சி.எஃப்.ஆர்.இ-யா, பிரிட்டன் பட்டயமா?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு பொது இயக்கத்தில் சம்பளத்துக்கு நிதி திரட்டுபவர் தொழில்முறைச் சான்று தேடினால், இரண்டு பெயர்கள் முதலில் வந்து நிற்கும். ஒன்று, 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய சி.எஃப்.ஆர்.இ (Certified Fund Raising Executive, CFRE). மற்றது, 2020இல் அரச சாசனம் பெற்ற பிரிட்டன் நிதி திரட்டுநர் கழகத்தின் சான்றிதழும் பட்டயமும் (டிப்ளோமா). நான் எடுத்தது சி.எஃப்.ஆர்.இ. வேலையில் மூன்று ஆண்டுகளைத் தாண்டியவர்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

பிரிட்டன் கழகத்தில் படிப்பு முதலில்: பாடம் படித்து, கட்டுரைப் பணி எழுதிக் கொடுக்க வேண்டும். துறைக்குப் புதிதாக வருபவருக்கு அது நல்ல வாசல். வாங்கிய பட்டயம் காலாவதியாவதும் இல்லை. நான் அதைப் படித்ததில்லை என்பதால் பாடத்தின் தரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சி.எஃப்.ஆர்.இ பாடம் நடத்துவதில்லை. செய்த வேலைக்குப் புள்ளி கேட்கிறது: கல்விக்கு 80, பணி அனுபவத்துக்கு 36, திரட்டிய தொகை போன்ற செயல்பாட்டுக்கு 55. விண்ணப்பம் தேறினால் 200 வினாக்கள், நான்கு மணி நேரத் தேர்வு. நன்கொடையாளர் ஆய்வு, கொடை கேட்டுப் பெறுதல், உறவு வளர்ப்பு, தன்னார்வலர், தலைமை, நெறி என்று ஆறு பகுதிகள். தேர்வைக் கண்டு பயப்பட வேண்டாம். பலர் சறுக்குவது புள்ளிக் கணக்கில்தான்.

இரண்டில் எது என்பதை முடிவு செய்வது சி.எஃப்.ஆர்.இ-க்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பிப்பு. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு புள்ளி. இளங்கலைப் பட்டத்துக்குப் பத்து. ஆக, பட்டதாரிக்கு மீதி 70 மணி நேரம். அதை ஐந்து ஆண்டில் சேர்த்தால் ஆண்டுக்கு 14. புதுப்பிக்கக் கல்வியில் 45, அதாவது ஆண்டுக்கு 15. உள்ளே நுழையத் தேவையான வேகம்தான் உள்ளே இருக்கவும் தேவை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முழுநாள் பட்டறை போதும். ஆனால் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நடந்தால் எட்டுப் புள்ளி என்று போட்டுவிடாதீர்கள். தேநீர், மதிய உணவு நேரம் கழியும். நம்மூர்ப் பட்டறைச் சான்றிதழ்களில் பெரும்பாலும் மணிக்கணக்கே இருக்காது. அன்றைய நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கி, சான்றிதழோடு சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

செயல்பாட்டுப் புள்ளியில் சிக்கல் இன்னும் பெரிது. வந்து சேர்ந்த பணம் ஒன்று, தருவதாகச் சொன்ன பணம் வேறு. தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதி விருந்தில் மேடையில் அறிவித்த தொகையை அப்படியே எழுதினால், தணிக்கைக் கணக்கோடு ஒத்துவராது. எக்செல்லில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆண்டு, வங்கியில் ஏறிய தொகை, உங்கள் பங்கு, உறுதிப்படுத்தக்கூடியவர் பெயர் என்று ஒரு வரி போடுங்கள். வேலை மாறும்போது கடைசி நாளுக்கு முன்பே அலுவலகத் தலைப்புத்தாளில் கடிதம் வாங்கிவிடுங்கள். செயலாளரும் பொருளாளரும் மாறிய பிறகு பழைய கணக்குக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கடினம்.

இத்தனை பராமரிப்பு எதற்கு என்று கேட்கலாம். இந்தப் பதிவேடு இருந்தால் நிர்வாகக் குழுவுக்கான ஆண்டறிக்கையில் பாதி எழுதியாகிவிட்டது. எந்த முயற்சியில் பணம் வந்தது, எதில் உழைப்பு மட்டும் போனது என்பதும் கண்ணுக்குத் தெரியும். நான் சி.எஃப்.ஆர்.இ பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம். ஆண்டுக்கு 15 மணி நேரம் ஒதுக்க முடியாத இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால், தயங்காமல் பிரிட்டன் பட்டயத்துக்குப் போங்கள்.

எதை எடுத்தாலும் மலேசியச் சட்டத்தைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் உங்கள் இயக்கத்துக்கு அங்கீகாரம் இருந்தால்தான் அந்தப் பிரிவின்படி நன்கொடையாளருக்கு வரிக்கழிவு ரசீது தர முடியும். கழிவும் மொத்த வருமானத்தில் பத்து விழுக்காட்டுக்குள்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையில் உண்டியலோடு நிற்பதற்கு 1947ஆம் ஆண்டு வசூல் சட்டப்படி போலீஸ் அனுமதி தேவை. நன்கொடையாளர் முதலில் கேட்கும் கேள்வி, "ரசீதுக்கு வரிக்கழிவு உண்டா?" என்பதுதான். அதற்குச் சரியான பதில் இல்லாவிட்டால், பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்து இருந்தும் காசோலை வராது.