வண்ணப் படத்தைப் பார்த்து வீட்டுப் பிளானுக்குப் பணம் கட்டாதீர்கள்

கோலாலம்பூரில் சொந்த நிலத்தில் வீடு கட்டப் போகும் குடும்பங்கள் கவனத்துக்கு. டிசைனும் நாங்களே, கட்டுவதும் நாங்களே என்று வரும் சில குத்தகையாளர்கள், அழகான த்ரீ-டி படத்தைக் காட்டி பிளான் கட்டணத்தில் பாதியை முன்பணமாகக் கறந்துவிடுகிறார்கள். செகாம்புட்டில் ஒரு குடும்பம் அப்படித்தான் மாட்டியது. கைக்கு வந்தது வண்ணத் தாள்கள் மட்டும். ஆர்க்கிடெக்ட் கையெழுத்து இல்லை, இன்ஜினியர் முத்திரை இல்லை. மாநகர் மன்றத்தில் அதைச் சமர்ப்பிக்கவே முடியாது. வேறு ஆர்க்கிடெக்டிடம் மறுபடி முழுக் கட்டணம்.

அந்தப் பிளானில் முதலில் பல்லிளித்தது படிக்கட்டு. தரைக்கும் மேல்மாடித் தரைக்கும் இடையே உயரம் 3.3 மீட்டர். சீரான கட்டடத் துணைச் சட்டப்படி (யூபிபிஎல்) படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, கால் வைக்கும் அகலம் 255-க்குக் குறையக்கூடாது. கணக்குப் போட்டால் 19 ஏற்றம், 18 மிதி, நீளம் ஏறக்குறைய 15 அடி. படத்தில் இருந்தது 14 ஏற்றம். ஒவ்வொன்றும் 236 மில்லிமீட்டர். வயதானவர்கள் ஏறவே முடியாது. சரியாக வரைந்ததும் சாப்பாட்டு மேசை வைக்கும் இடம் போயே போய்விட்டது. ஆகவே பிளான் கைக்கு வந்த உடனே படியை எண்ணுங்கள்.

அடுத்தது அறை அளவு. '10க்கு 10' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு எடுத்த அளவு. பூச்சோடு சுவர் 6 அங்குலம் என்றால் உள்ளே மிஞ்சுவது ஒன்பதரை அடிதான். குவீன் மெத்தையின் நீளம் 6 அடி 3 அங்குலம், எதிரே அலமாரி 2 அடி. நடக்க ஒன்றேகால் அடி. அலமாரிக் கதவே முழுசாகத் திறக்காது. படத்தில் மட்டும் எல்லாம் தாராளமாகத் தெரிந்ததே? கட்டிலை 5 அடிக்குச் சுருக்கி வரைந்திருந்தார்கள்! சுவருக்குச் சுவர் உள் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். படத்தில் உள்ள கட்டில், சோபா, கார் எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

சன்னல் பரப்பு அறைத் தரையில் 10 விழுக்காடாவது இருக்க வேண்டும், திறக்கும் பகுதி 5 விழுக்காடு. இன்ஜினியரின் தூண், பீம் வரைபடம் வராமல் எந்த அளவையும் முடிவானது என்று நம்பாதீர்கள். கார் போர்ச் நடுவில் தூண் முளைப்பது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு ஆபத்து, இரவல் முத்திரை. 'சாப் (முத்திரை) நாங்க வாங்கித் தர்றோம்ணே' என்பார்கள். 2007 முதல் குடிபுகத் தேவையான சிசிசி சான்றிதழைத் தருபவர் பிளானைச் சமர்ப்பித்த நிபுணர்தான். வேலையை ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர் கடைசியில் கையெழுத்துப் போட மறுத்தால், கட்டி முடித்த வீட்டில் சட்டப்படி குடியேற முடியாது. கையெழுத்துப் போடப்போகும் ஆர்க்கிடெக்டின் பெயரை லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியா (மலேசிய ஆர்க்கிடெக்ட் வாரியம்) பதிவேட்டில் தேடி, நேரில் சந்தித்துப் பேசிய பிறகே பணம் கொடுங்கள். இரண்டாம் தவணை, முத்திரையிட்ட முழுத் தொகுதி கைக்கு வந்த பிறகு போதும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, 50,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பதிவு இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று அட்டை அடித்துக் கொடுத்திருந்தால், அந்த அட்டையோடு லெம்பாகாவிலும் புகார் செய்யுங்கள்.