அடிச்சு ஓட்டுறதா, டயர மிச்சம் புடிக்கிறதா: ஸ்டாக் கார் கேம்ல எது எங்க எடுபடும்

ஏப்ரல் 15ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் பாம்பன் தங்கச்சிமடம் பசங்க ராத்திரி ஸ்டாக் கார் கேமோட (அமெரிக்காவோட நாஸ்கார் கார் ரேஸ் மாதிரி) ஆன்லைன் லாபிலதான், அதாவது பல பேரு சேந்து ஓட்டுற ரூம்லதான் கெடப்பானுக, கீழக்கரைலேர்ந்து துபாய் காக்காமாரு கொண்டாந்த பிஎஸ்5ஓட இன்னொரு செட்டு வந்து சேரும், அப்புறம் வருசா வருசம் அதே சண்டைதான். கீழக்கரை செட்டு மொத லேப்லேர்ந்தே (லேப்னா ட்ராக்க ஒரு சுத்து) மிதிச்சுட்டு ஓடிரணும்ங்கும், தங்கச்சிமடம் செட்டு "மாப்ள, டயரு வேணும்டா கடைசில"ன்னு அஞ்சாவது ஆறாவது எடத்துல ஆறுதலா உக்காந்துக்கும். நான் ரெண்டாவது கட்சி. ஆனா எல்லா ட்ராக்லயும் அந்தக் கட்சி இல்ல, அதத்தான் கொஞ்சம் பிரிச்சுப் பேசலாம்னு.

மொதல்ல எந்த டயர் தேயுதுங்கறது. நீள்வட்டமா இருக்கற ஓவல் ட்ராக்ல எப்பவுமே எடப்பக்கம்தான் திரும்புறோம், வெயிட்டு பூரா வலப்பக்கம் சாயும், அதனால வலது முன் டயரும் வலது பின் டயரும்தான் அடி வாங்கும். வலது முன்ன போச்சுன்னா காரு திரும்பாம நேரா செவுத்தப் பாத்து தள்ளிட்டுப் போகும், வலது பின்ன போச்சுன்னா ஆக்சிலேட்டர்ல கால் வச்ச ஒடனே பின்பக்கம் வழுக்கும். நேர் ரோட்டுல ஃபுல்லா மிதிக்கிறதால டயருக்கு பெருசா ஒண்ணும் ஆவறதில்ல. இது தெரியாமத்தான் பாதிப்பேரு மிச்சம் புடிக்கிறேன்னு ஸ்ட்ரெயிட்ல மெதுவா போயி, கார்னர்ல முரட்டுத்தனமா திருப்பி, ரெண்டுங்கெட்டானா முடிச்சிட்டு வர்றானுக.

அடிச்சு ஓட்டுறவன் கார்னர்ல என்ன பண்றான்னு ரீப்ளே போட்டு அவன் ஸ்டியரிங்க மட்டும் பாருங்க. ரொம்ப லேட்டா பிரேக் புடிப்பான், காரு வேகமா உள்ள வரும், திரும்பாது, ஒடனே இன்னும் கொஞ்சம் ஒடிப்பான். முன் டயரு ஒரு தடவ வழுக்க ஆரம்பிச்சிட்டா அதுக்கு மேல எவ்வளவு ஒடிச்சாலும் காரு திரும்பாது, டயரு ரோட்டுல தேஞ்சு சூடு ஏறுறதுதான் மிச்சம். சூடு ஏறுன டயருக்கு கிரிப் கொறையும், கிரிப் கொறஞ்சா அடுத்த லேப்ல இன்னும் ஒடிப்பான், அப்படியே சுத்தும். கார்னர் நடுவுல காத்திருந்த நேரத்த வெளிய வரும்போது புடிக்கணும்னு ஸ்டியரிங் நேராவறதுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டர அமுக்குவான், அதுல வலது பின் டயரும் காலி. ஒரே கார்னர்ல ரெண்டு டயருக்கும் வேட்டு!

மிச்சம் புடிக்கிறவன் செய்யறது பாக்க ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கும். வழக்கமா கால் எடுக்கற எடத்துக்கு நாலஞ்சு கார் நீளத்துக்கு முன்னாடியே எடுத்துருவான், காரு தானா உருண்டு வேகம் கொறையும், பிரேக்க தொட்டும் தொடாம வச்சுட்டு மெல்ல விடுவான், ஸ்டியரிங்க ஒரே தடவ திருப்பி அப்படியே வச்சுக்குவான். கார்னரோட உள் ஓரத்த தொட்டதுக்கு அப்புறம் ஸ்டியரிங் எவ்வளவு நேராவுதோ அந்த அளவுக்குத்தான் ஆக்சிலேட்டர். இதுல பெட்ரோலும் சேந்து மிஞ்சும். இன்னொண்ணு, முன்னாடி போற வண்டி பம்பர ஒட்டிக்கிட்டே போகக்கூடாது, அவன் கிழிச்சுட்டுப் போன காத்துல நம்ம வண்டி மூக்குக்கு அழுத்தம் கெடைக்காது, முன் டயரு வழுக்கும், மிச்சம் புடிக்கிறேன்னு சொல்லிட்டே தேச்சுட்டு இருப்போம். கொஞ்சம் எடம் விட்டுப் போகணும், இல்ல அரை வண்டி அகலம் தள்ளி வேற லைன்ல போகணும்.

சரி கணக்குக்கு வருவோம். நாப்பது லேப் ஓட்டம்னு வைங்க, மொத 12 லேப்ல அடிக்கிறவன் லேப்புக்கு 0.2 செகண்ட் எடுக்குறான், 2.4 செகண்ட் முன்னாடி. அடுத்த எட்டு லேப் சமம். கடைசி இருபது லேப்ல லேப்புக்கு 0.3 விடுறான், அங்க 6 செகண்ட் போச்சு. மொத்தத்துல 3.6 செகண்ட் பின்னாடி. ஆனா இருபதாவது லேப்ல எவனாவது செவுத்துல முட்டி மஞ்சக்கொடி (எல்லாரும் மெதுவா, ஒட்டி வரிசையா போகணும்ங்கற சைகை) வந்துச்சுன்னா? எல்லாரும் பிட்டுக்கு (டயர் மாத்தி பெட்ரோல் போடுற எடம்) வந்து புது டயர் போட்டுக்குவான், மிச்சம் புடிச்சவன் கைல இருந்த சேமிப்பு பூரா செல்லாத காசு, அடிச்சவன் முன்னாடியே நிப்பான். பத்து நிமிசத்துக்கு ஒருத்தன் சுத்துற லாபில கீழக்கரை செட்டு ஏன் ஜெயிக்குதுன்னா இதுதான் காரணம், அவனுக தெறமைன்னு நெனச்சுக்கிட்டா அது அவனுக இஷ்டம். ரேஸ் முழுக்க இத்தன செட் டயருதான்னு அளவு வச்சுட்டா மட்டும் ஆட்டம் மாறிரும், அப்ப மஞ்சக்கொடி வந்தாலும் யோசிச்சுத்தான் உள்ள போகணும்.

ட்ராக் வாரியா பாத்தா அமெரிக்காவுல இருக்கற டார்லிங்டன்தான் மிச்சம் புடிக்கிறவனோட சொந்த ஊரு. 1950ல தொறந்த ட்ராக், 1.366 மைல், ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் குறுகலா முட்ட மாதிரி இருக்கும். ஏன் அப்படின்னா நெலத்துக்காரரு தன்னோட பொடிமீன் குட்டைய தொடக்கூடாதுன்னுட்டாரு, அத சுத்தி வளைச்சுத்தான் ட்ராக்க போட்டாங்க (நம்ம பக்கம் எறால் பண்ணை போட வயலையே விட்டுக் குடுத்துருக்கோம், அங்க குட்டைக்காக ரேஸ் ட்ராக்கு வளைஞ்சிருக்கு). 2008ல புதுசா தார் போட்டாங்க, அதுவும் இப்ப கரடாயிடுச்சு, புது டயருக்கும் தேஞ்ச டயருக்கும் லேப்புக்கு ரெண்டு செகண்டுக்கு மேலயே வித்தியாசம் வரும். இங்க மொத பத்து லேப் அடிச்சவன் முப்பதாவது லேப்ல எங்க இருக்கான்னு தேடணும்.

பிரிஸ்டல் இன்னும் சுவாரசியம், ஏன்னா ஒரே ட்ராக் ரெண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லுது. 2024 மார்ச்ல நெஜ ரேஸ்ல அந்த கான்கிரீட்ல டயரு சரசரன்னு தேஞ்சுச்சு, முன்னாடி போனவனே வேணும்னே மெதுவா ஓட்டுனான், 500 லேப்ல 54 தடவ முதல் எடம் கை மாறுச்சு, கடைசில டென்னி ஹாம்லின் ஜெயிச்சாரு. அதே வருசம் செப்டம்பர்ல அதே ட்ராக்ல டயரு பெருசா தேயவே இல்ல, கைல் லார்சன் 462 லேப் முன்னாடியே போயி முடிச்சிட்டாரு. ட்ராக் பேர வச்சு முடிவு பண்ணக்கூடாது, அன்னைக்கு டயரு தேயுதா இல்லையான்னு மொத ஓட்டத்துலயே பாக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

டல்லடேகா, டேடோனா மாதிரி பெரிய ட்ராக்ல இந்தப் பேச்சே வேஸ்ட், 31லேர்ந்து 33 டிகிரி சாய்வுல ஃபுல்லா மிதிச்சுட்டு கூட்டமா போறது, அங்க பெட்ரோலும் பக்கத்துல எவன் தள்ளிவிடுறாங்கறதும்தான் கணக்கு. மார்ட்டின்ஸ்வில் நேர் எதிர், 0.526 மைல்தான், ரெண்டு குறுகலான தட்டையான கார்னர், பிரேக் சூடும் பின் டயரும்தான் பிரச்சன. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010ல நாஸ்கார் ட்ரக் சீரிஸ்ல மொத ரேஸ் ஓட்டுனது இங்கதான், 13வதா முடிச்சாரு, ஃபார்முலா ஒன் ஓட்டிட்டு வந்து அந்த பிக்கப் வண்டிய அங்க திருப்புனது பெரிய விசயம். கேம்ல அங்க ஓட்டிப் பாத்தவனுக்கு அது புரியும்.

லைன் விசயத்துலயும் ரெண்டு கட்சி இருக்கு. உள் ஓரமா போனா தூரம் கம்மி, ஆனா ஸ்டியரிங்க நெறைய ஒடிக்கணும், வலது முன்ன தேயும். செவுத்த ஒட்டி மேல போனா தூரம் கூட, ஆனா வளைவு பெருசு, ஒடிக்கறது கம்மி, வேகம் விழாது. ஹோம்ஸ்டெட்லயும் டார்லிங்டன்லயும் டயரு தேஞ்சதுக்கு அப்புறம் மேல்லைன்தான் வேகம். ஒரு எழ தப்புனா வலப்பக்கம் பூரா செவுத்துல கோடு போட்டுரும், டார்லிங்டன்ல அந்தக் கோட்டுக்கு தனிப் பேரே வச்சிருக்கானுக. என் அபிப்ராயம், மொத பாதி கீழ, டயரு ஒதற ஆரம்பிச்சதும் மேல. மொத லேப்லேர்ந்தே செவுத்த ஒரசுறது வீராப்பு.

பிட்டுக்குள்ள வந்தா நாலு டயரா ரெண்டு டயராங்கற கேள்வி. நெஜத்துல நாலு மாத்த பத்து செகண்ட் சுமாரா ஆகும், வலப்பக்கம் ரெண்டு மட்டும்னா அதுல பாதி, அஞ்சாறு எடம் முன்னாடி வெளிய வரலாம். தேயுற ட்ராக்ல ரெண்டு டயர் போட்டுட்டு முன்னாடி வந்தவன் நாலஞ்சு லேப்லயே பின்னாடி உள்ளவனுக்கு வழி விட ஆரம்பிச்சிருவான், அதோட வலது புதுசு எடது பழசுன்னு இருக்கும்போது வண்டி பெரும்பாலும் திரும்ப அடம் புடிக்கும். கடைசி பத்து லேப்ல மஞ்சக்கொடி வந்து, ட்ராக்கும் வழவழன்னு இருந்தா ரெண்டு போதும். டார்லிங்டன்ல கண்ண மூடிட்டு நாலு.

எப்ப உள்ள வர்றதுங்கறதுல நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. தேயுற ட்ராக்ல மத்தவனுக்கு முன்னாடி ரெண்டு மூணு லேப் சீக்கிரமா உள்ள போயி புது டயர்ல பறந்தா அவன் வெளிய வரும்போது நாம முன்னாடி இருப்போம், அது உண்மைதான். ஆனா நாம பிட் முடிச்சு வந்த ஒடனே, அவன் இன்னும் வெளியவே இருக்கும்போது மஞ்சக்கொடி விழுந்துச்சுன்னா ஒரு லேப் பின்னாடி மாட்டிக்குவோம். கடலுக்குப் போற எங்க ஆளுக திரும்பி வர்ற டீசலையும் சேத்துத்தான் எவ்வளவு தூரம் போகலாம்னு முடிவு பண்ணுவாக, நானும் அந்தக் கணக்குத்தான், பெட்ரோலும் டயரும் கொஞ்சம் கைல வச்சுக்கிட்டு கூட்டத்தோட உள்ள போவேன்.

இப்ப எந்த கேம்ல இதெல்லாம் ஒழுங்கா வேல செய்யுதுன்னு கேப்பீக. 2020ல வந்த நாஸ்கார் ஹீட் 5ல டயர் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு ஓட்டும்போதே திரைல பாத்துக்கலாம், தேயுற வேகத்தையும் கூட்டி வச்சுக்கலாம், குட்டி ரேஸ்ல கூட டயர் கணக்கு வேலைக்காகும். நண்பர்களோட ஓட்டறதுக்கு, கத்துக்கறதுக்கு இது போதும், பழைய பிஎஸ்4லயும் ஓடும். ஐரேசிங்ங்கற கம்ப்யூட்டர் கேம் அப்படி இல்ல, 2003ல நாஸ்கார் ரேசிங் கேம் போட்ட பாப்பிரஸ் கம்பெனியோட டேவ் கேமர் 2008ல கொண்டாந்தது, ட்ராக்க லேசர்ல அளந்து வச்சிருக்காங்க. அதுல டயர் தேய்மானம் பிட்டுக்கு வந்தாத்தான் தெரியும், ஓட்டும்போது கை உணர்வுதான். ரப்பர் படிய படிய லைன் மாறும், வெளிய உருண்டு கெடக்குற ரப்பர் துணுக்குல கால் வச்சா செவுருதான். கத்துக்கற விசயத்துல இதுக்கு ஈடு இல்ல, ஆனா சந்தா, ட்ராக்குக்கு தனிக் காசு, காருக்கு தனிக் காசு, அதோட நம்ம பக்கத்து நெட்ல அமெரிக்கா சர்வர் ரேஸ்னா பிங் (சர்வருக்குப் போயி வர்ற நேரம்) எகிறும், பக்கத்துல ஓடுற வண்டி திடீர்னு குதிக்கும், கரண்ட் போச்சுன்னா இன்வெர்ட்டர் மாறுற அந்த நொடில ரேஸும் போச்சு. அந்த ஐரேசிங் கம்பெனியே 2025 அக்டோபர்ல பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் நாஸ்கார் 25ன்னு ஒண்ணு எறக்கிச்சு, கம்ப்யூட்டருக்கு அடுத்த மாசம் வந்துச்சு. மாசாமாசம் சந்தா கட்ட மனசில்லாதவனுக்கு நான் அதத்தான் கை காட்டுவேன்.

ஜாய்ஸ்டிக்ல ஓட்டுறவனுக்கு மிச்சம் புடிக்கிறது கஷ்டம், கட்டவிரல் ஒரு மில்லி நகந்தா டயரு ஒரு கோடு தேயும். ஸ்டியரிங் சென்சிட்டிவிட்டிய கொறச்சு, ஆக்சிலேட்டர் பட்டன பாதில நிறுத்திப் பழகணும், வேற வழி இல்ல. ஸ்டியரிங் வீல் செட்டு இருந்தா முன் டயரு வழுக்கும்போது கைல கனம் கொறையும், அப்ப ஒடிக்கறத நிறுத்திட்டா போதும். ஆனா கடலோரத்துல வீல் வச்சிருக்கவன் பெடல கவனிக்கணும். லாஜிடெக் ஜி29 மாதிரி வீல்ல பெடலுக்குள்ள அமுக்குற அளவ காட்டுற பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும், தூசியும் உப்புக்காத்தும் போயி அழுக்கு சேந்தா நாம தொடாமயே பிரேக் பத்து இருவதுன்னு துடிக்கும், நேர் ரோட்டுலயே டயரு தேயும், நமக்கு காரணமே புரியாது. கேமோட பெடல் அளவு காட்டுற எடத்துல கால எடுத்துட்டு அந்தக் கோடு ஆடுதான்னு பாருங்க, ஆடுச்சுன்னா கழட்டி எலக்ட்ரானிக் க்ளீனர் அடிங்க, இல்லன்னா பிரேக் டெட்ஸோன (லேசான அமுக்கல கேம் கண்டுக்காத அளவு) கொஞ்சம் கூட்டுங்க. அதுக்கப்புறம் கட்சி மாறலாமா வேணாமான்னு யோசிக்கலாம்.