பிரிஸ்டல் நடைச் சுற்றுலா: கப்பலுக்கு 25 நிமிடம், சிலைக்கு 9

ஆளுக்கு 14 பவுண்ட். இரண்டேகால் மணி நேரம். நடுவில் ஒரே ஒரு கழிப்பறை நிறுத்தம். காலேஜ் கிரீனில் காலை பத்தரைக்கு ஆரம்பித்து, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு எம் ஷெட் அருங்காட்சியகத்தில் முடிகிறது. பாதை சமதரை, முட்டிவலிக்காரர்கள் தாராளமாக வரலாம். காற்றுக்கு மட்டும் காதை மூடும் தொப்பி வேண்டும்.

நடத்துபவர்களின் பெயரைப் போடவில்லை. கைடும் அவர் மனைவியும் மட்டுமாக நடத்தும் சின்னத் தொழில். நானோ குறை சொல்லப் போகிறேன், எதற்கு வம்பு. இந்த ஊரில் இதுபோல் இன்னும் சிலர் நடத்துகிறார்கள், பாதையும் ஏறக்குறைய இதேதான். அதனால் யாரிடம் டிக்கெட் வாங்கினாலும் இது உதவும்.

நான் இங்கே வந்தது 2008இல். சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை. ஊரில் இருந்து வருகிறவர்களுக்கெல்லாம் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன், ஆனால் காசு கொடுத்து யார் பின்னாலும் நடந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 76 முடிந்தது, பிறந்தநாளுக்காக இரண்டு டிக்கெட் எடுத்தேன். நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். எழுதும்போது பாட்டி என்றுதான் வருகிறது, அவர் தமிழ் படிக்கப் போவதில்லை, இருக்கட்டும். பிறந்ததிலிருந்து இதே ஊர்க்காரர். "என் ஊரை எனக்கே சுற்றிக் காட்டப் போகிறார்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

குழுவில் பதினோரு பேர். லீட்ஸில் இருந்து வந்த ஒரு கணவன் மனைவி, இரண்டு ஜெர்மன் மாணவிகள், ஒரு ஜமைக்கா வம்சாவளி அம்மாவும் மகளும், இன்னும் சிலர். கைடு ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். கலகலப்பான மனிதர், குரலும் நல்ல குரல். மைக் இல்லை. பின்னால் நின்றால் பாதி காற்றோடு போய்விடும், முன்னால் நில்லுங்கள்.

முதல் நிறுத்தம் ராஜாராம் மோகன் ராய் சிலை. இங்கிலாந்துக்கு வந்தவர் 1833 செப்டம்பர் 27 அன்று இந்த ஊரில்தான் இறந்தார், ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்தில் சமாதி இருக்கிறது. சிலை வைத்தது 1997இல். கைடு இரண்டே வாக்கியம் சொன்னார். இரண்டாவது வாக்கியத்தில் "கிழக்கிந்தியக் கம்பெனி" என்ற சொல் வந்தபோது குரலைத் தாழ்த்தி என் முகத்தைப் பார்த்தார், ஏதோ என் வீட்டு விளக்கை அவர் உடைத்துவிட்ட மாதிரி. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நான் விசாவுக்குப் பணம் கட்டி விமானத்தில் வந்தவள் சார், என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

இதைப் பின்னாலும் கவனித்தேன். ஜமைக்கா அம்மாவைப் பார்த்து ஒரு முகம், என்னைப் பார்த்து ஒரு முகம், லீட்ஸ்காரரைப் பார்த்து வேறு முகம். பெருமையும் வெட்கமும் அவருக்குள் இரண்டுமே நிஜமாகத்தான் இருக்கின்றன. எதிரில் நிற்பவருக்கு ஏற்ப எதை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம்.

அப்புறம் ஊர் நடுவில் சென்டர் என்று சொல்லும் இடம். எட்வர்ட் கோல்ஸ்டன் சிலை நின்ற பீடம், இப்போது மேலே ஒன்றும் இல்லை. 1895இல், அதாவது அவர் செத்து 174 வருடம் கழித்து, "இந்நகரத்தின் மிக நற்குணமும் ஞானமும் வாய்ந்த மைந்தர்களில் ஒருவர்" என்று பொறித்து வைத்த சிலை. 2020 ஜூன் 7 அன்று கூட்டம் கயிறு போட்டு இழுத்துச் சாய்த்து, உருட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளியது. நாலு நாள் கழித்து மாநகராட்சி வெளியே எடுத்தது. வழக்கில் நிறுத்தப்பட்ட நாலு பேரையும் 2022 ஜனவரியில் ஜூரி விடுவித்தது. இது வரைக்கும் கைடு நன்றாகச் சொன்னார். யார் இந்தக் கோல்ஸ்டன் என்று ஜெர்மன் மாணவி கேட்டதும், "அடிமை வியாபாரத்தில் தொடர்பு... பல ஆயிரம் பேர்... மிகவும் வருந்தத்தக்க அத்தியாயம்" என்று ஒரு பெருமூச்சோடு நகர்ந்துவிட்டார்.

பல ஆயிரம் இல்லை. அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவர் இருந்த 1680 முதல் 1692 வரையான காலத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 84,000 பேர். அதில் 19,000 பேர் வரை கரை சேராமலே செத்தார்கள். கணக்கு வைத்திருந்த கம்பெனி அது, அதனால்தான் இந்த எண்ணெல்லாம் தெரிகிறது. இதைச் சொல்ல பெருமூச்சு எதற்கு?

பாட்டி பீடத்தைச் சுற்றி வந்தார். அவர் படித்தது கோல்ஸ்டன் பெண்கள் பள்ளியில், ஸ்காலர்ஷிப்பில். நவம்பர் மாதம் கோல்ஸ்டன் தினத்துக்குச் சட்டையில் வெண்கல நிறச் செவ்வந்திப் பூ குத்திக்கொண்டு கதீட்ரலுக்கு வரிசையாகப் போவார்களாம், செவ்வந்தி கோல்ஸ்டனுக்குப் பிடித்த பூ என்று. பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கோல்ஸ்டன் பன் உண்டு. திராட்சையும் மசாலாவும் போட்ட இனிப்பு பன், பெரிய பன்னின் மேலே எட்டுத் துண்டாக வெட்ட வசதியாகக் கோடு போட்டிருக்கும். "கோல்ஸ்டனுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று ஏழு வருடத்தில் ஒரு டீச்சர்கூடச் சொன்னதில்லை" என்றார். "பூவை எந்தப் பக்கம் குத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்."

2021இல் பள்ளியின் பெயர் மான்ட்பெலியர் என்று மாறிவிட்டது. மாற்ற வேண்டும் என்றுதான் இவரும் சொன்னாராம். மாறிய அன்றைக்கு ராத்திரி பழைய பள்ளி மஃப்ளரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "இரண்டும் நான்தான்" என்றார். கைடு அப்போது எங்களைச் சீக்கிரம் வரச்சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

பீரோ பாலத்தில் நான் வாயைத் திறந்தேன். ஜான் பின்னி என்ற சர்க்கரை முதலாளி 1765இல் நெவிஸ் தீவில் விலைக்கு வாங்கி, பிறகு பிரிஸ்டலுக்குக் கூட்டி வந்த அடிமையின் பெயர் பீரோ. வாங்கும்போது வயது 12. 1999இல் கட்டிய நடைபாலத்துக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள், மேலே இரண்டு பெரிய கொம்புகள் மாதிரி நிற்கும். கேள்வி நேரம் என்றார் கைடு. 1833 சட்டத்தில் அடிமைகளை விடுவித்தபோது 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு முதலாளிகளுக்குத்தானே போனது, விடுதலையானவர்களுக்கு ஒன்றும் தரவில்லையே, அதற்கு வாங்கிய கடன் எப்போது அடைந்தது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். 2015இல். 2018இல் கருவூலமே ட்வீட் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. அதாவது 2008இல் இருந்து என் பே ஸ்லிப்பில் பிடித்த வரியில் ஏதோ ஒரு பைசா அந்தக் கணக்குக்கும் போயிருக்கிறது. இதைச் சொன்னதும் ஜமைக்கா அம்மா "என்னுடையதும்தான்" என்று சிரித்தார். கசப்பான சிரிப்புதான், ஆனால் அன்றைக்கு முதல் தடவையாகக் குழு ஒன்றாகச் சேர்ந்தது அப்போதுதான்.

லீட்ஸ்காரர் விடவில்லை. ஒழித்ததும் நாங்கள்தானே, கடற்படையை அனுப்பி மற்ற நாட்டுக் கப்பல்களையும் பிடித்தோமே என்றார். பொய் இல்லை. 1808இல் தொடங்கி அறுபது வருடம் போல மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் சுற்றிய படைப்பிரிவு சுமார் 1,600 கப்பல்களைப் பிடித்து ஒன்றரை லட்சம் பேரை விடுவித்தது. அதில் செத்த மாலுமிகளும் நிறைய. அந்த மனிதர் இதைச் சொல்லும்போது காது சிவந்திருந்தது. காலையில் இருந்து தன்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்திருப்பார் போல. நல்ல கைடு இந்த இடத்தில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார். இவர் "ஆமாம், ஆமாம், அதுவும் சிக்கலான விஷயம்" என்று இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார்.

கப்பல் என்றால் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன். மனிதருக்குச் சிறகு முளைத்தது அங்கேதான். தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு 25 நிமிடம் பேசினார், கடிகாரத்தில் குறித்தேன். புரூனல் வடிவமைத்தது, 1843இல் நீரில் இறக்கியது, 322 அடி நீளம், இரும்பு உடலும் திருகு விசிறியுமாகக் கட்டிய முதல் பெரிய கடல் கப்பல், ஃபாக்லாந்தில் துருப்பிடித்துக் கிடந்ததை 1970இல் மிதவையில் ஏற்றி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுவந்தது என்று ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் சொன்னார். மெய்மறந்து கேட்டேன், பொய் சொல்லக் கூடாது. கப்பலுக்கு அடிக்கணக்கு, ஆளுக்குப் "பல ஆயிரம்". அந்த இடத்தில்தான் எனக்கு இந்த விமர்சனத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. பெருமைப்பட வேண்டிய இடத்தில் விவரம் கொட்டுகிறது, வெட்கப்பட வேண்டிய இடத்தில் வெறும் தொனிதான் இருக்கிறது. சம்பளக் கணக்கில் ஒரு மாதத்துக்கு மட்டும் ரசீது வைத்து, அடுத்த மாதத்துக்கு "மிகவும் வருந்துகிறேன்" என்று எழுதினால் ஆடிட்டர் விடுவாரா?

1970 ஜூலையில் அந்தக் கப்பல் ஏவன் நதியில் தொங்குபாலத்துக்குக் கீழே வந்தபோது பாட்டியும் கரையில் நின்றாராம். அப்பாவோடு. அப்பா பஸ் கண்டக்டர். "அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்."

எம் ஷெட்டுக்குள் போகும்போதே நேரம் ஆகிவிட்டது, அங்கே வைத்திருக்கும் கோல்ஸ்டன் சிலைக்குக் கிடைத்தது 9 நிமிடம். சிலையை நிறுத்தவில்லை, மல்லாக்கப் படுக்கவைத்திருக்கிறார்கள், கூட்டம் அடித்த பெயிண்டோடு. சுற்றிலும் அன்றைய போராட்ட அட்டைகள். என்ன செய்யலாம் என்று ஊர்க்காரர்களைக் கேட்டபோது ஐந்தில் நாலு பேர் அருங்காட்சியகம் என்றார்களாம். (நாங்கள் மவுண்ட் ரோட்டில் நின்ற, 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை 1937இலேயே எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று எனக்குள் ஒரு சின்ன மெட்ராஸ் மிதப்பு.) ஒரு விஷயத்துக்குக் கைடுக்கு முழு மார்க். தண்ணீரில் இருந்து எடுத்துக் கழுவும்போது ஒரு சைக்கிள் டயரும், கோட்டு வாலுக்குள் சுருட்டி வைத்த 1895 அக்டோபர் மாத 'டிட் பிட்ஸ்' இதழும் கிடைத்ததையும், சிலையை நிறுத்திய தொழிலாளிகள் அதில் தங்கள் பெயரை எழுதி வைத்திருந்ததையும் சொன்னார். வேலை செய்த ஆள் பெயர் போட்டுக்கொள்வது எனக்குப் பிடித்தது.

சுற்றுலா அங்கே முடிந்தது. எம் ஷெட்டுக்குக் கட்டணம் கிடையாது, நாங்கள் இரண்டு பேரும் இன்னும் இரண்டு மணி நேரம் உள்ளேயே இருந்தோம். அன்றைக்கு உருப்படியான நேரம் அதுதான். கீழே ஒரு பழைய பச்சை டபுள் டெக்கர் பஸ் நிற்கிறது. பாட்டி அதன் படிக்கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

1963இல் இந்த ஊர் பஸ்ஸில் கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் கண்டக்டர் வேலை கிடையாது. கம்பெனி மட்டும் இல்லை, தொழிற்சங்கக் கிளையும் 1955இலேயே அப்படித் தீர்மானம் போட்டிருந்தது. பால் ஸ்டீபன்சன் முன்னால் நின்று பஸ் புறக்கணிப்பு நடத்தினார். நாலு மாதம். ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி இறங்கி வந்தது. செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளையர் அல்லாத முதல் கண்டக்டர் ஒரு சீக்கியர், ரக்பீர் சிங். வீட்டுக்கு வந்து தேதி பார்த்தேன். அடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு ராஜ முத்திரை விழுந்ததும் ஆகஸ்ட் 28தான், 1833. சரியாக 130 வருடம். 14 பவுண்டுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

"உங்கள் அப்பா எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"எனக்கு அப்போது 14. சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சே வரவில்லை. அவர் 1991 வரை இருந்தார், நானும் கேட்கவில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "கப்பலைப் பற்றி ஆயிரம் தடவை பேசியிருக்கிறோம்" என்றார்.

மார்க் போட வேண்டும் என்றால் ஐந்துக்கு மூன்று. கப்பலுக்கு ஒன்றரை, டிட் பிட்ஸுக்கு ஒன்று, மழையில் குடை கொடுத்ததற்கு அரை. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், ஆனால் எம் ஷெட்டுக்குத் தனியாக அரை நாள் வையுங்கள், திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். கைடிடம் எண் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த வாரம் படித்துக்கொண்டு வருவார், கெட்ட மனிதர் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டி தட்டை மூடிக்கொண்டு வந்து மணி அடித்தார். அறுபது வருடத்துக்குப் பிறகு நினைவில் இருந்ததை வைத்துச் செய்தாராம். மேலே எட்டுக் கோடு. திராட்சை கொஞ்சம் அதிகம், அடி லேசாகக் கருகியிருந்தது, வாசனை மட்டும் அபாரம். இது என்ன பன் என்று என் மகன் கேட்டான்.

பாட்டி வாயைத் திறந்து, நிறுத்தி, "திராட்சை பன்" என்றார். அவன் மூன்று துண்டு தின்றான்.