உருண்டையாகக் கத்தரித்த செடி வாங்குவோர் காசு கொடுக்குமுன் வேரைப் பார்க்கவும்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாக வீடு கட்டுவோர், வாசலின் இரு பக்கமும் உருண்டையாகக் கத்தரித்த பச்சைச் செடிகளை வைப்பது இப்போது பெருகியிருக்கிறது. அந்த விருப்பத்தை நம்பி, வேர் இல்லாத தடிகளைச் சாடியில் நட்டு, வளர்ந்த செடி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆரையம்பதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வாங்கிய இரண்டும் அத்தகையவை என்பதால், இனி வாங்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விற்றவர் அவற்றை நுவரெலியாவில் வளர்த்த பொக்ஸ்வூட் என்றும், பல வருடச் செடி என்பதால்தான் அந்த விலை என்றும் சொன்னார். பொக்ஸ்வூட் குளிர்நாட்டுச் செடி. ஆண்டுக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரைதான் வளரும் என்பதால், ஒழுங்கான உருண்டை ஒன்றுக்கு உண்மையிலேயே பல வருடங்கள் செல்லும், விலையும் கூடும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் குளிரில் வளர்ந்த ஒன்றை, கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் எங்கள் மணல் தரையில் வைத்தால் அது என்ன பாடுபடும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். உண்மையில் அது பொக்ஸ்வூட்டே அல்ல. பொக்ஸ்வூட்டின் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும், கிள்ளினால் பால் வராது. எங்கள் செடியின் இலைகளோ ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி இருந்தன, காம்பைக் கிள்ளியதும் வெள்ளைப் பால் கசிந்தது. அது ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த பைக்கஸ்.

பைக்கஸ் இந்த வெயிலைத் தாங்கும், வெட்ட வெட்டத் தளிர்க்கும், விலையும் குறைவு. பைக்கஸ் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் வேர் மதிலையும் தண்ணீர்க் குழாயையும் பெயர்க்கக்கூடியது. அப்படியிருக்க, "வேர் ஓடாது" என்று சொல்லி மதிலோரமாக நடச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொண்டுவந்த சில நாட்களிலேயே இலை கொட்டத் தொடங்கியது. தொலைபேசியில் கேட்டபோது, "இடம் மாறின கன்று அப்பிடித்தான் கொட்டும் அக்கா, தண்ணியக் கூட ஊத்துங்க" என்றார். இடம் மாறிய பைக்கஸ் இலை உதிர்ப்பது உண்மைதான். அந்தப் பாதி உண்மையைச் சொல்லியே எங்களைக் காத்திருக்க வைத்தார். கிளைகள் நுனியிலிருந்து கருகியபோது சாடியைச் சரித்து மண்ணைக் கொட்டினோம். மேலே இரண்டு விரல் அளவுக்குக் கூட்டெரு, அதன் கீழே களிமண்ணை அப்பிச் சாக்கால் சுற்றி நைலோன் கயிற்றால் இறுக்கிய கட்டி. சாக்கை அறுத்தால், கைத்தடிப் பருமனில் வாளால் அறுத்த மூன்று வேர்க் குற்றிகள், அவற்றின் வெட்டு முகம் கறுத்து நாறிக்கொண்டிருந்தது. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர் ஒன்றுகூட இல்லை. மேலேயும் அதே கதைதான்: வெற்றிடங்களை மறைக்கக் கிளைகளை வளைத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள், கம்பி பட்டையைத் தின்று உள்ளே இறங்கியிருந்தது. எங்கோ வேலியில் நின்ற பழைய மரத்தை அறுத்து எடுத்து, விற்பதற்கென்றே அவசரமாக உருட்டியிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பராமரிப்புச் சரியில்லை என்ற பதிலே கிடைத்தது. அவர் தந்த பற்றுச்சீட்டில் "பூங்கன்று 2" என்று மட்டுமே எழுதியிருந்தது. ஆகவே செடியின் பெயரையும் விலையையும் திகதியையும் கட்டாயம் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நாங்கள் படங்களுடன் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

வாங்கும்போது தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். மண்ணோடு சேர்ந்து அசையாமல் தண்டு மட்டும் ஆடினால் வேர் பிடிக்கவில்லை. இலைகளை விலக்கி உள்ளேயும் பாருங்கள். பல தடவை கத்தரித்து வளர்த்த செடியில் சிறு கிளைகள் நெருக்கமாகப் பிரிந்திருக்கும். அவசர வேலையில் தடித்த குற்றிகளும் புதிய வெட்டுக்களும் கம்பியும்தான் தெரியும். சாடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்க வேண்டாம்.

பொறுமை உள்ளவர்கள் மாரி தொடங்கும்போது பையில் உள்ள இளங்கன்றை நட்டுத் தாங்களே உருவாக்கலாம். நம் காடுகளில் தானாக வளரும் பிராய் மரம் இதற்கு மிகவும் ஏற்றது. தாய்லாந்தில் உருவங்கள் கத்தரிக்க நெடுங்காலமாகப் பயன்படும் மரங்களில் அதுவும் ஒன்று. நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் பக்கக் கிளைகளை வரவைத்து, வெயில் கீழ் இலைகளுக்கும் படும்படி அடிப்பக்கத்தை மேற்பக்கத்தைவிடச் சற்று அகலமாக விட்டு, புதுத் தளிரை மட்டும் மாலை நேரத்தில் கத்தரித்து வர வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கத்தரிக்கோலை எடுக்காமல் இருப்பது நல்லது.